வாடை வராத சரக்கு

மகள் கோயிலில் முதன்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல மைக்கைப் பிடித்த செபஸ்டினுக்கு நாலைந்து வார்த்தைகளுக்குள் நாக்கு குழறியது. "எல்லாரும் இருந்து சாப்பிட்டு" என்பது மூக்கால் பேசுவதுபோல் நசுங்கி வந்தது. இடது கண் பாதி மூடிக்கொண்டது. பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு இருதயநாதன் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "உக்காருங்க சார். காலையிலேருந்து அலைச்சல்." குழம்பு வாளியோடு நின்ற கிறிஸ்டி, புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பின்னாலேயே போனாள் ஆனி ரோஸ். செபஸ்டினின் அக்கா, பெங்களூரில் விஞ்ஞானி. முந்தைய நாள்தான் வரதராஜன்பேட்டைக்கு வந்திருந்தாள். நரம்பு அனுப்பும் சேதியை வாங்கிக்கொண்டு கதவுபோல் திறக்கும் ஒரு புரதம்தான் அவள் ஆராய்ச்சி. நிகோட்டினுக்கும் திறக்கும் என்பதால் அதற்கு நிகோட்டினிக் ஏற்பி என்று பெயர். தவளை முட்டைக்குள் அதை உண்டாக்கி, திறக்கும்போது பாயும் மின்னோட்டத்தை அளப்பதிலேயே அவள் இளமை போயிருந்தது. "எம்பொண்ணு தவளை முட்டையில கரண்டு பாக்குது" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கால் மரத்துப்போகிறது என்று யாராவது மருந்து கேட்டால், "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்பாள் ஆனி ரோஸ்.

"எப்பலேருந்து குடிக்கிறான்?"

"பொங்கலுக்குப் பெறகு, அண்ணி. காலையில நல்லாத்தான் இருக்காரு. மத்தியானத்துக்கு மேலதான் கண்ணு சொருகுது, பேச்சு குழறுது. கடைசி பீரியடுல இவரு பாடம் நடத்துனா பசங்க சிரிக்கிறாங்கன்னு ஸ்கூலை வுட்டே நிறுத்திட்டாங்க. நானும் வாயை மோந்து மோந்து பாக்குறேன், ஒண்ணும் தெரியல. வாடையே வராத சரக்கு இருக்காம்ல."

காலையில் நன்றாக இருக்கிறான். பேசப் பேசத்தான் குழறுகிறது. ஆனி ரோஸ் கேட்டதையே மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். தன் கட்டுரைகளின் முதல் பத்தியில், இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சொல்ல ஒரு நோயின் பெயரை எழுதிவிட்டு, உடனே வரைபடங்களுக்குப் போய்விடுவது அவள் வழக்கம். அந்த நோய் வந்த ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

செபஸ்டின் கொல்லையில் முந்திரி மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"செபா, குடிச்சியா?"

"இல்லன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுக்கா. குடிச்சேன்னே வெச்சுக்க."

கலர் பாட்டில்கள் மிதந்த அண்டாவிலிருந்து ஐஸ் கட்டிகளை அள்ளி, கைக்குட்டையில் சுற்றி அவன் இமைமேல் வைத்தாள். "என்ன பண்ற?" என்றான். "பேசாம இரு." கழுத்துவழி தண்ணீர் இறங்கிச் சட்டை நனைந்தது. கையை எடுத்தபோது இமை மேலே ஏறியிருந்தது. தம்பியின் கண் முழுதாகத் திறந்து அவளைப் பார்த்தது. ஆய்வகத்தில் ஒரு சோதனை பலித்தால் சத்தம் போட்டுப் பக்கத்து அறைக்காரர்களை அழைப்பவள், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"குளிர் பட்டதும் கண்ணு தொறந்துச்சுல்ல, இது குடியில்லடா, நோவு. நரம்பு சொல்றத தசை வாங்கிக்கிற எடத்துல ஒரு கதவு இருக்கு. அதை உன் ஒடம்பே அழிக்குதுன்னு நெனைக்கிறேன்."

"நீ இத்தினி வருசமா பாக்குறது அதத்தானே?"

"ம்."

"அப்ப நீயே சரி பண்ணிடுவ."

நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தினாள். "மாத்திரை இருக்கு. நாளைக்கே திருச்சிக்குப் போவோம்."

திருச்சியில் ரத்தப் பரிசோதனை அதையே உறுதி செய்தது. மாத்திரையில் அடங்கும், ஆனால் அடியோடு போகாது. மூச்சு முட்டினால் உடனே வர வேண்டும் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, கிறிஸ்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"குடின்னு நெனச்சப்ப நிறுத்துன்னு சண்டை போட்டேன், அண்ணி. இப்ப யாருகிட்ட போயி சண்டை போடுறது?"

ஆனி ரோஸ் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

லீவை நீட்டிக்கொண்டு, தம்பிக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தபடி இன்னும் சில நாள் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அக்காவும் தம்பியுமாகப் போய் டாக்டர் சீட்டைக் காட்டினார்கள். "பாக்கலாம்" என்றார்கள். அவள் கிளம்பிய அன்று அரியலூர் ஸ்டேஷனுக்குச் செபஸ்டின் வழியனுப்ப வந்தான். மென்று தின்ன முடியாமல் பல வாரங்களாகக் கரைத்த சோற்றையே விழுங்கிக்கொண்டிருந்தவன், பிளாட்பாரத்தில் கூடைக்காரியிடம் ஒரு கொய்யாக்காய் வாங்கினான். பழுக்காத, நல்ல கெட்டிக் காய்.

ரயில் நகரத் தொடங்கியபோது அதைக் கடித்தான். ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஆனி ரோஸ். அது அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கடித்த காயை உயர்த்தி அவளுக்குக் கையாட்டிக்கொண்டே அவன் மென்றுகொண்டிருந்தான்.