எட்டு மணிக்குள் நாலு குட்டி

எட்டு மணிக்கு அக்காவின் ஷிப்ட் தொடங்கிவிடும். விடியலில் பூனை ஈன்ற குட்டிகளை அதற்குள் அவள் தன் ஊரிலிருந்தே பார்த்துவிட வேண்டும். தங்கை பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, வீட்டு இணையத்துக்கு அதையே வாசலாக்கி வைத்திருந்தாள். வெளியிலிருந்து வருபவரைப் பூனைப் பெட்டியருகே உள்ள கேமராவுக்கு அனுப்பும்படி விதிகள் எழுதி, அதில் போர்ட் எனப்படும் ஒரு இணைய வழியைத் திறந்து, அக்காவுக்கு முகவரியை அனுப்பினாள்.

சரிபார்க்க அதே முகவரியைத் தன் லேப்டாப்பிலும் அடித்தாள். திறக்கவில்லை. எழுதிய விதிகளை வரிவரியாகப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பூனைப் பெட்டியருகே சம்மணமிட்டு, "என்னதான் வேணும் உனக்கு? சொல்லித் தொலையேன்" என்று கணினியிடம் கெஞ்சினாள்.

ஏழு ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"மன்னிச்சிரு அக்கா, இன்னும் திறக்கல."

"திறக்கலையா? கால் மணி நேரமா உன் முதுகைத்தான் பாக்கறேன். நீயா நகருவேன்னு பார்த்தா, அசையவே மாட்டேங்கிற. தள்ளி உட்காருடி!"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வாசல் வெளியிலிருந்து வருபவருக்குத்தான் வழிவிடும். அவளோ வீட்டுக்குள் உட்கார்ந்தே அதைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சிரித்தபடி நகர்ந்தாள்.

"அய்யோ, மூணு!"

"நாலுக்கா. ஒண்ணு அடியில தூங்குது."