கட்டு எத்தனை

ஊரில் பெண்டாட்டி பிறந்தநாளுக்குச் சேலை எடுப்பார்கள், அல்வா வாங்குவார்கள். திருச்சுழி ஐயாத்துரை வாத்தியார் கணக்குப் போடுவார். கல்யாணமான வருசம் தங்கச்செல்விக்கு இருபத்திரண்டு வயது. அதைப் பதினாறு என்றும் எழுதலாம், அடிமானத்தை மாற்றினால் போதும் என்றார். அவள் முழித்தாள். பலசரக்குக் கடைக்காரர் மகளுக்குக் கடைக்கணக்கில்தானே சொல்ல வேண்டும்?

“முதல்ல இருக்க ஒண்ணு, ஒரு கட்டு. அடுத்த ஆறு, உதிரி. கட்டுக்குப் பத்துதான் வைக்கணும்னு சட்டமா? பதினாறாக் கட்டு. ஒரு கட்டும் ஆறு உதிரியும் இருபத்திரண்டு. எழுதுனா பதினாறு.”

பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கட்டோடு ஒன்று கூட்டினார். அவள் பதினாறிலேயே நின்றாள். மார்க்கண்டேயனுக்குச் சிவன் வர வேண்டியிருந்தது, எனக்கு வீட்டுக்காரரே போதும் என்று, அப்பாவுக்குப் பிறகு அவள் நடத்தும் கடைக்கு வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வாள். மகள் கிருஷ்ணப்ரியா பிறந்த வருசம் கட்டு பத்தொன்பது. ஐம்பத்து நான்கு முடிந்த இந்தச் சித்திரையில் நாற்பத்தெட்டு வந்திருக்க வேண்டும். அவர் நாற்பத்தொன்று என்றார்.

கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தப்பலாமா என்று சிரித்தாள் தங்கச்செல்வி, பாவி மகள். மறுவாரம் அவர் நரிக்குடி பஸ்ஸில் ஏறி, தான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் எடுக்க நின்றார். மதுரை டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, மூளை சுருங்குகிறது, புதுசு முதலில் போகும், பழசு கடைசியில் போகும் என்றார்.

வாத்தியார் பிதற்றுகிறார் என்றது ஊர். ஊருக்கு என்ன தெரியும்? மனுசனுக்குக் கணக்குத் தப்பவே இல்லை. அவர் சொல்கிற கட்டோடு ஆறைக் கூட்டினால், அன்றைக்கு அவர் தன் பெண்டாட்டியின் எந்த வயதில் இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிடும். காலையில் காப்பியோடு போய், “கட்டு எத்தனைங்க?” என்று கேட்பாள். முப்பத்து மூன்று. இருபத்தேழு. இறங்கிக்கொண்டே வந்தது. பதினெட்டு என்ற அன்று கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வர வேண்டாம் தாயி என்றாள். உங்க அப்பாவுக்கு நீ இன்னும் பிறக்கவில்லை என்று பெற்றவள் வாயால் எப்படிச் சொல்வாள்?

பதினாறில் வந்து நின்றது. நாசமாய்ப் போன நோய்க்கும் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அவள் நரை அவர் கண்ணில் படவில்லை. புதுமாப்பிள்ளை கணக்காய்க் கடையைச் சீக்கிரம் சாத்தச் சொன்னார், சாத்தினாள். பூ வைக்கச் சொன்னார், வைத்தாள். வெட்கமும் அழுகையும் ஒன்றாய் வந்தன. இதற்குக் கீழே போனால் அவர் வாழ்க்கையில் தங்கச்செல்வி என்று ஒருத்தியே கிடையாது. திருமேனிநாதர் சன்னிதியில் நின்று, கூட்டித் தர வேண்டாம் சாமி, குறைக்காம இரு என்று மட்டும் கேட்டாள்.

ஆவணியில் ஒரு காலை. காப்பியை நீட்டி, “கட்டு எத்தனைங்க?” என்றாள்.

அவர் வேட்டியை அவசரமாய்ச் சரிசெய்துகொண்டு கட்டிலைவிட்டு எழுந்தார்.

“எந்தக் கட்டைக் கேக்குறீக? நீங்க யாருன்னு தெரியலையே. அம்மா உள்ளதான் இருக்காக, கூப்பிடவா?”

அவர் அம்மா போய்ச் சேர்ந்து வருசம் பல ஆகிவிட்டது. தங்கச்செல்வி காப்பியைக் கீழே வைத்தாள்.

“வேண்டாம்ங்க. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

வந்த பொம்பளை நிற்கும்போது தான் உட்காருவது மரியாதையில்லை என்று, அவள் உட்காரும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.