சும்மாட்டில் ஒட்டிய அரிசி

பாலித் தீவின் தென்கோடியில், செங்குத்துப் பாறையில் வெட்டிய படிக்கட்டு வழியே சர்ஃபிங் பலகைகளைத் தலையில் சுமந்து இறக்குவதுதான் சுதியாசியின் பிழைப்பு. கை வைக்காமல் சுமப்பாள். ஆனால் அடியிலிருக்கும் குகை வாயோடு சரி. குகையைத் தாண்டினால்தான் கரை. எட்டு வருஷத்துக்கு முன் பாறை விளிம்பில் தூண்டில் போடப்போன புருஷனை இந்தக் கடல் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அதன் கிட்டே போவதில்லை என்று வைராக்கியம். மகள் அர்மினியிடமும் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். மேலே கடைகளிலிருந்து பார்த்தால் அலைகள் வெள்ளை நூல் மாதிரித்தான் தெரியும். அது போதும் அவளுக்கு.

"இன்னிக்கு அலை ரொம்பப் பெருசாம்," என்றாள் கடைக்கார ரெனிங். "ஜப்பான்காரி முன்னாடியே எறங்கிட்டா. பலகையை வச்சுட்டு வந்துடு."

"ஆறு மாசமா தூக்கறேன், மகராசி ஒருநாளாவது மூஞ்சியைக் காட்டினாளா?"

"மூஞ்சியைப் பாத்து சம்பந்தமா பேசப்போறே? நடடி!"

குகை வாயில் பலகையைச் சாத்திவிட்டு வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் வேர்வை துடைக்கச் சும்மாட்டுத் துணியை அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பலகையில் கால் வழுக்காதிருக்கத் தேய்க்கும் மெழுகு துணியில் அப்பியிருந்தது. அதில் மூன்று அரிசி. சாமி கும்பிட்டு நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் அரிசி. எந்த ஜப்பான்காரி பலகைக்குப் பொட்டு வைப்பாள்? அதுவும் இப்படி அடர் மஞ்சளாக? இன்று காலை அரிசி ஊறவைக்கும்போது மஞ்சள் கூடிப்போய், சுதியாசியின் விரலில் இன்னும் கறை போகவில்லை.

"அடிப்பாவி! பெத்தவ தலையிலயே மிளகாய் அரைச்சிருக்கியே!"

ஓடினாள். குகை வாயில் பலகை இல்லை. காலணியை உதறிவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக உள்ளே நுழைந்தாள். கணுக்கால் அளவு தண்ணீர், கூரையிலிருந்து சொட்டு. வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே தடவித் தடவி வெளியே வந்தாள். கன்னத்தில் நாலு அறை விட்டு முடியைப் பிடித்து இழுத்து வருவது என்றுதான் வந்தாள்.

அம்மாடி!

முறத்தளவு மணல். அதைச் சுற்றிப் பாறை, அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு. எதிரே கடல் எழுந்து நின்றது. எழுந்தது, இன்னும் எழுந்தது, வெயில் ஊடுருவிப் பச்சையாகி, ஒரு கணம் விழாமல் யோசித்து, பிறகு விழுந்தது. அதிர்ச்சி அவள் உள்ளங்காலில் ஏறியது. எட்டு வருஷமாய்ச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனதோ, கைகள் தாமாக நெற்றிக்குமேல் குவிந்தன. குவிந்த கைக்குள் சும்மாட்டுத் துணி, அதில் அந்த மூன்று அரிசி.

அடுத்த அலையில் ஒருத்தி நின்றாள். ஒரு கால் முன்னே, முழங்கால் மடங்கி, தாடை தூக்கி. அவள் அப்பன் பாறை விளிம்பில் நிற்பானே, அதே நிற்பு. அலை சுருண்டு அவளை மூடியது.

போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தாள் சுதியாசி. அப்போது தண்ணீருக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள் அர்மினி. அந்தச் சிரிப்பைத் தாய் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை.

கரையில் அம்மாவைக் கண்டதும் பெண்ணுக்குப் பலகை கை நழுவியது. "அம்மா... அடிக்கணும்னா அடிச்சுடு. மேலே போய் அடி, அலையில இருக்கறவங்க எல்லாரும் பாக்கறாங்க."

சுதியாசி குனிந்து, பலகையின் மெழுகில் மூன்று அரிசியையும் ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டினாள்.

"இது என் தலையோட வந்துடுச்சு. இதில்லாமயாடி இந்த அலையில போனே, முட்டாளே?"

அர்மினி பலகையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ம், போ," என்று ஈர மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள் சுதியாசி. "இன்னொரு தடவை போ. நான் பாக்கறேன்."