வீராங்கனையின் ஜாதகம்

எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன ஜாதகம் என்னுடையது இல்லை என்பது நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு, ஒரு சி.டி.யால் எனக்குத் தெரிந்தது.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கம்ப்யூட்டர் ஜாதகம் மூன்றும் ஒரே மெஷினில். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள் ஊரே அசந்து கிடக்கும். கடைப்பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அன்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் மூன்று பேர் விளையாட உட்காருவோம்.

லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் இருசப்பன் அண்ணனிடம், அறையைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன விளையாட்டுப் புத்தகமும் பல முகப் பகடைகளும்தான் ஆரம்பம். கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கும் ஃபைஸ் கதையை நடத்துவான். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தக் கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்வோம். பிழைக்கிறோமா சாகிறோமா என்பதைப் பகடை முடிவுசெய்யும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், புத்தி, ஆயுள் என்று எண்கள் உண்டு. அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண்களைப் போடப் புத்தகத்தில் சொல்லியிருந்த முறையை இருசப்பன் அண்ணன் ஒப்புக்கொள்ளவே இல்லை. பிறந்த நேரம் தெரியாமல் ஒரு ஆளுக்கு எப்படிக் குணம் வரும் என்று கேட்டார். அதனால் கடையிலிருந்த ஜாதக சாஃப்ட்வேரிலேயே பாத்திரங்களுக்கு ஜாதகம் போட்டு, எந்தக் கட்டம் பலமோ அதற்கு அதிக எண் என்று வைத்துக்கொண்டோம். சிரிக்காதீர்கள், இரண்டு வருஷம் அப்படித்தான் ஆடினோம்.

என் பாத்திரம் ஒரு வீராங்கனை. அவளுக்குப் புதிதாகப் பெயர், பெற்றோர் பெயர் எல்லாம் தட்டச் சோம்பல் பட்டு, என் ஜாதகத்தையே திறந்து பிறந்த நேரத்தை மட்டும் மாற்றினேன். என் நிஜ ஜாதகத்தில் எட்டில் செவ்வாய். புருஷனுக்கு ஆகாது என்று பதினான்கு வீட்டிலிருந்து திரும்பி வந்த ஜாதகம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் பிறந்ததாகப் போட்டேன். செவ்வாய் ஒன்பதுக்கு நகர்ந்தது, ஆயுள் கட்டமான எட்டைக் குரு பார்த்தார். தானும் சாகாத, கூட இருப்பவனையும் சாகவிடாத ஒருத்தி தயார்.

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் வந்த ஆட்டத்தன்று ஃபைஸ் கொண்டுவந்த சி.டி.யில், பாத்திரம் உருவாக்குவதற்கென்றே செய்த சாஃப்ட்வேர் இரண்டு இருந்தன. முதலாவதில் நமக்குப் பிடித்த எண்ணை நாமே தட்டிக்கொள்ளலாம். இரண்டாவது தானே பகடை உருட்டும். விழுந்த எண் விழுந்ததுதான், அதற்குமேல் கைவைக்க விடாது. எதை வைத்துக்கொள்வது என்று ஒரு மணி நேரம் சண்டை. எனக்கு முதலாவதுதான் வேண்டும். கஷ்டப்பட்டு உருவாக்கிய ஆளைப் பகடை வந்து நொண்டியாக்குவதா? இருசப்பன் அண்ணனுக்கு இரண்டாவது. பிறந்த நேரத்தையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லையே என்றார். பழைய பாத்திரங்களை இரண்டிலும் ஏற்றிப் பார்த்து முடிவுசெய்யலாம் என்று ஃபைஸ் சமாதானம் பண்ணினான்.

வீராங்கனையின் தாளை எடுக்க ஃபைலைத் திறந்தேன். என்னுடையதும் அவளுடையதுமாக இரண்டு தாள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். எட்டில் செவ்வாய்.

போன மாதம் அம்மா கடைக்கு வந்து என் பெயர் போட்டிருந்த ஜாதகம் ஒன்றை எடுத்துப்போய்த் தரகர் வேடியப்பனிடம் கொடுத்தது அப்போதுதான் உறைத்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து பெண் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா காசியம்மாள் செவ்வாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷங்க என்றாள் அம்மா. நானும் நம்பினேன், மடச்சி.

போதாததற்கு அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. இளஞ்செழியன், பள்ளிக்கூட வாத்தியார். வந்தவர்களெல்லாம் சமைக்கத் தெரியுமா என்று கேட்டபோது, இவர் ஒருவர்தான் கம்ப்யூட்டர் எப்படிக் கட்டம் போடுகிறது என்று கேட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். ஆடிப்போய் உட்கார்ந்தவள், அந்த நிஜத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு என்றாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மறுநாள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன்.

இளஞ்செழியனும் அவர் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். விளையாட்டு, வீராங்கனை, இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி, தாளை நீட்டினேன். திட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். காசியம்மாள் திட்டவில்லை. தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"நாலாம் தேதி ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்கம்மா" என்றார். "இவனுக்கு இதயத்துல வால்வு சரியில்ல. உன் ஜாதகத்தைப் பாத்துட்டு, இந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறினா இவன் உசுருக்குப் பயமில்லன்னு ஜோசியர் சொன்னாரு. அதை நம்பித்தான் ஆபரேஷனே வேணாம்னு தள்ளிட்டோம்."

சோம்பேறித்தனத்தில் நான் தட்டிய ஒரு நேரத்தை நம்பி, இந்த மனிதர் நெஞ்சில் பழுதை வைத்துக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்குச் சட்டை எடுத்திருக்கிறார். அதற்குள்ளேயே கோபமும் வந்தது.

"என்கிட்ட ஏங்க சொல்லலை?" என்று இளஞ்செழியனையே கேட்டேன்.

"சொன்னா நீங்க சம்மதிக்க மாட்டீங்கன்னுதான்" என்றார். பொய் ஜாதகம் கொடுத்தவள் அதற்குமேல் என்ன கேட்பது? காசியம்மாள் தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். செவ்வாய் இருக்கிற பெண் வேண்டாம், வாய்விட்டுச் சொன்னதற்கு நன்றி என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஊர் வரும்வரை அழுதேன்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம். சாஃப்ட்வேர் இன்னும் முடிவாகவில்லை. ஃபைஸ் இரண்டையும் திறந்து வைத்திருந்தான். அப்போது கடை போன் அடித்தது.

இளஞ்செழியன். வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். நாளைக் காலை ஆபரேஷனாம். பிறகு கேட்டார்.

"அந்த விளையாட்டுல எனக்கும் ஒரு ஆள் போட முடியுமாங்க?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என்னையறியாமல் இரண்டாவது சாஃப்ட்வேரில் அவர் பெயரை அடித்தேன். பலம் பதினொன்று விழுந்தது. புத்தி பதினாறு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் சிரித்தார். கடைசியில் ஆயுள். பட்டனை அழுத்தினேன்.

நாலு. பதினெட்டுக்கு நாலு.

இருசப்பன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபைஸ் சத்தமில்லாமல் கையை நீட்டி, முதல் சாஃப்ட்வேரை முன்னால் கொண்டுவந்தான். அதில் பதினெட்டு என்று நானே தட்டிவிடலாம். தட்டக்கூட வேண்டாம், வாயால் சொன்னால் போதும். அவர் வந்து பார்க்கவா போகிறார்? வாய்வரைக்கும் வந்துவிட்டது. என் நல்ல எண்ணை நம்பி ஒரு தடவை அவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டது போதும்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

"நாலுங்க."

நான் செய்தது கொலைபாதகமோ என்று எனக்குப் பட்டது.

"நாலை வெச்சுக்கிட்டு ஆட முடியுமா?"

"முடியும்" என்றேன். அது உண்மைதான். ஆயுள் கம்மியாக விழுந்த எத்தனையோ பேரை நாங்கள் கடைசிவரை கொண்டுபோயிருக்கிறோம். "ஆனா தனியா ஆட முடியாது. கூட ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும்."

"யார் இருப்பாங்க?" என்றார். கேட்டது விளையாட்டைப் பற்றி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. செவ்வாயை எட்டில் வைத்துக்கொண்டிருக்கிற நான், எந்த வார்டு என்று மட்டும் கேட்டேன்.

சாவியை ஃபைஸிடம் கொடுத்துவிட்டு வேலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.