கடைமடைக்கு முதல் முறை

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஐந்து பள்ளிகளுக்கு ஒரே கேபிளில் இணையம் வருகிறது. கடைசிப் பள்ளியில் ரோஸ்லின் அறிவியல் ஆசிரியை. செவ்வாய்தோறும் பதினொரு மணிக்குத் தஞ்சாவூர் ஸ்டுடியோவிலிருந்து வானதி பாடம் நடத்துவார். படம் ஓடும்போதே நடுவில் கேள்வி வரும். அரை நிமிடத்துக்குள் பிள்ளைகள் கையிலுள்ள டேப்லெட்டில் விடையைத் தொட வேண்டும்.

ரோஸ்லினின் எட்டாம் வகுப்பில் இருபது பேரும் தொட்டார்கள். திரையில் சக்கரம்தான் சுற்றியது. இரண்டு வாரமாக ஒரு பதிலும் போய்ச் சேரவில்லை. இந்த வாரமும் சேராவிட்டால் டேப்புகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவதாக, அவற்றைக் கொடுத்த திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

ரோஸ்லின் வானதியிடம் போனில் வழி கேட்டார். படங்கள்தான் கனம், பதில்கள் லேசு. படங்களைக் காலையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார் வானதி. ஆனால் ஐந்து பள்ளியும் ஒரே நேரத்தில் இறக்கினால் பழைய கதைதான்.

ரோஸ்லின் வீட்டு நிலம் கடைமடை, வாய்க்காலின் கடைக்கோடி. தண்ணீர் குறைந்த வருடங்களில் அங்கே முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். கடைசி வயலுக்கு முதலில். அதையே மற்ற நான்கு பள்ளிகளிடமும் சொன்னார். ஒன்பது மணிக்குக் கடைசிப் பள்ளி படங்களை இறக்கத் தொடங்கும். பள்ளிக்கு இருபது நிமிடம். முடிந்தவர் அடுத்தவருக்குப் போன் செய்வார்.

முதல் பள்ளி ஆசிரியர் செந்தில்குமார்தான் தயங்கி இழுத்தார். “மடை எங்க வாசல்ல இருக்கு, நாங்க கடைசியாங்க டீச்சர்?”

“உங்களுக்கு எப்ப திறந்தாலும் பாயும் சார். எங்களுக்கு முதல்ல திறந்தாத்தான் பாயும்.”

சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

செவ்வாய் ஒன்பது பத்து. மூன்று டேப்பில்தான் பாடம் இறங்கியிருந்தது, நான்காவது நகரவில்லை. ரோஸ்லின் நேராகச் செந்தில்குமாரை அழைத்தார்.

“பசங்க திறக்கல டீச்சர். நான்தான், எப்படி இருக்குன்னு ஒரு தடவ பார்க்கலாம்னு…”

“மடையைத் திருப்புனவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. மூடுங்க சார்.”

மூடினார். எல்லா டேப்பிலும் இறங்கி முடிய ஒன்பது இருபதைத் தாண்டி இன்னும் எட்டு நிமிடம் ஆனது. அதைத் தன் பங்கில் கழித்துக்கொள்வதாக அவரே சொல்லிவிட்டார்.

பதினொன்றரைக்கு வானதி திரையிலிருந்து நிமிர்ந்தார். “கடைசிப் பள்ளி, இருபது பதிலும் வந்திருக்கு. மூணு பேர் உருளைக்கிழங்கை வேர்னு சொல்லியிருக்கீங்க. யாருங்க அது?”

வகுப்பு திரும்பிப் பார்த்தது. லின்சி எழுந்து மைக்கை வாங்கினாள்.

“மண்ணுக்குள்ளதானே மிஸ் இருக்கு?”

தப்பான மூன்றும் போய்ச் சேர்ந்துவிட்ட நிம்மதியில், ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வானதி என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கத் தொடங்கினார்.