எட்டு மணிக்குத்தான் அனுமதி

எங்கள் சேர்ந்திசைக் குழுவுக்கு மெயில் பட்டியலே போதுமா, கூடவே ஒரு சாட் குரூப்பும் வேண்டுமா என்ற விவாதம் மெயிலில் நாற்பத்தோராவது கடிதத்தை எட்டியிருந்தது. 'போதும்' கட்சிக்குத் தலைவர் என் சித்தப்பா. குழுவில் பாடத் தெரியாத ஒரே ஆள் என்பதால் பட்டியலின் நிர்வாகமும் அவரிடமே. யார் எழுதினாலும் அவர் படித்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். காலை எட்டு, இரவு எட்டு என்று இரண்டே வேளை படிப்பார். மூன்று வேளை மருந்துக்கு மட்டும்தானாம்.

அன்று மாலை ஆறுக்குக் கச்சேரி. பத்து வருடம் இரண்டாம் வரிசையில் நின்ற என் அக்காவுக்கு முதல் தனிப்பாட்டு. அக்கா பல் டாக்டர். "இத்தனை நாளா அடுத்தவங்க வாயைத் திறக்க வெச்சேன். இன்னிக்கு என் முறை" என்று காலையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு அரங்கத்தில் குழாய் வெடித்து மேடை மிதந்தது. அடுத்த தெருப் பள்ளிக்கூடம் இடம் தந்தது. சித்தப்பா, வழி, வாசல், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் விளக்கி மெயில் எழுதி அனுப்பிவிட்டு, கடமை முடிந்த முகத்தோடு சாய்ந்தார்.

நாலரைக்கு அக்கா கேட்டாள். "சித்தப்பா, எனக்கே இன்னும் வரலையே?"

"வரும்மா."

"யார் அனுமதிக்கணும்?"

"நான்தான்."

"அனுமதிச்சாச்சா?"

"மணி எட்டாகலையே."

"நீங்க எழுதினது சித்தப்பா!"

"அதுக்காக? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அக்கா லேப்டாப்பைப் பிடுங்கி அனுமதித்தாள். ஆனால் கிளம்பிக்கொண்டிருப்பவன் எவன் மெயில் பார்ப்பான்? நல்லவேளையாகக் குழுவின் இருபத்தாறு பேரும் அவளிடம் வாயைக் காட்டியவர்கள்; நம்பரெல்லாம் கிளினிக்கில் இருந்தது. சாட் குரூப் பிறந்தது. முகவரியைப் போட்டாள்.

மூன்றே நிமிடத்தில் அறுபது செய்திகள். பூங்கொத்து, கைகூப்பு, யாருடைய குழந்தையோ தொட்டியில் குளிக்கும் படம், "நீங்க யாரு?", "நீங்க யாரு முதல்ல?" முகவரி எங்கோ அடியில் போய்விட்டது. "எந்த இடம்?" என்று ஒன்பது பேர் கேட்டார்கள். பதில் சொன்னவருக்கும் பூங்கொத்துதான் விழுந்தது.

"போச்சு, நான் தனியாவே பாடிக்கறேன்" என்று அக்கா தலையில் கைவைத்தாள்.

அப்போது குரூப்பில் சித்தப்பாவின் முதல் செய்தி விழுந்தது: "இடம் மாறிவிட்டது. விவரம் மெயிலில் உள்ளது. இங்கே தேடிச் சாகாதீர்கள்."

ஆறு பத்துக்கு, மெயிலைத் திறந்து பார்த்த இருபத்தாறு பேரும் சரியான வாசலில் மூச்சிரைக்க நின்றார்கள். நான் கடைசி வரிசைக்கு ஓடினேன். அக்கா முன்னால் வந்து, கண்ணை மூடி, உச்ச சுரத்தைத் தொட்டாள்.

சரியாக அந்த நொடியில் எங்கள் எல்லோர் பாக்கெட்டும் ஒன்றாக உறுமின. பார்வையாளர்களின் முதல் வரிசையில் சித்தப்பா, ருசி கண்டுவிட்ட பூனையாக, போனில் 'அருமை' என்று தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிச் செய்தியாக.

அக்கா அசரவில்லை. உறுமலுக்கு மேலே ஏறிப் பாடினாள்.