ஹார்ட்வித் வரைக்கும் சிக்னல் இல்லை

காலையில் நடக்க ஆரம்பித்ததிலிருந்தே லோர்னா மெட்காஃப் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். யாராவது கூப்பிட்டால் நிற்பாள். அவர்கள் நெருங்கி வந்ததும், ஏதோ நினைவு வந்தவள்போல மறுபடி கிளம்பிவிடுவாள். வயலுக்கு வயல் குறுக்கே கிடந்த கல்சுவர்களை ஏறிக் கடக்கும்போதுகூடக் கைகொடுக்க ஆள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

"அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு? வீட்ல அடுப்ப அணைக்காம வந்துட்டாளா?" என்று வில்ஃப் கேட்டது காற்றோடு அவள் காதுக்கு வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவள் திரும்பாமலே கையை உயர்த்தி ஆட்டினாள். முகத்தைக் காட்டினால் வில்ஃப் கண்டுபிடித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

ஆல்டர்சன் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் நன்கொடை திரட்ட நடந்த நடை அது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ஆறு ஓடையாக இருக்கும் இடத்தில் தொடங்கி, ஆல்டன்பிரிக் சந்தைத் திடலில் முடிய வேண்டும். எல்லாரும் ஆரஞ்சு நிற டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். சேரும் பணம், ஊராரின் நன்கொடையில் ஓடும் ஏர் ஆம்புலன்ஸுக்கு. போன வருஷம் கொதிகலன் அறையில் வில்ஃப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, பின்பக்கத்துக் கால்பந்துத் திடலில் இறங்கி அவரை அள்ளிக்கொண்டு போனது அந்த ஹெலிகாப்டர்தான். இப்போது அதே வில்ஃப் தடியை ஊன்றிக்கொண்டு, வழியில் பார்க்கிற ஆட்டையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டு நடந்தார். அவரைப் பார்க்கிறவர்களுக்கே ஒரு தெம்பு வந்தது. நல்ல ஜூன் மாதச் சனிக்கிழமை. வெட்டாத தீவனப் புல்லில் மஞ்சள் பூ மண்டிக் கிடந்தது.

லோர்னாவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

நேற்று வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, முதலாளி டங்கன் ஆல்டர்சன் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. ஓட்டல்களின் துணியும் ஆஸ்பத்திரித் துணியும் நகரத்துப் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டன என்றார். அக்டோபரோடு கூடத்தை மூடுகிறார். அப்பா காலத்திலிருந்து நடந்த தொழில். மேற்பார்வையாளர் என்கிற முறையில் முதலில் அவளிடம் சொல்கிறார்.

"திங்கக்கிழமை நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் லோர்னா. அதுவரைக்கும் உன்னோட இருக்கட்டும். நாளைக்கு ஒரு நாளாவது சந்தோஷமா நடக்கட்டுமே" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். ராத்திரி படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. இப்போது கால்கள் அவளைக் கேட்காமல் தாமாகவே ஓடின.

"ஏய், நில்லு டீ! உன்ன யாரு துரத்தறா?"

பொஷெனா மூச்சிரைக்க ஓடி வந்து அவள் பையைப் பிடித்து இழுத்தாள். போலந்திலிருந்து வந்தவள். வந்த முதல் வாரத்திலிருந்தே இருவரும் ஒரே மேசையில்தான் வேலை. லோர்னாவுக்கு ஊரில் இருந்த சிநேகிதிகளில் அவள்தான் நெருக்கம். இவள் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது, அவள் வீட்டுச் சாவி இவளிடம் இருந்தது.

"ஒருத்தரும் துரத்தல. மெதுவா நடந்தா எனக்கு முட்டி வலிக்குது."

"வேகமா நடந்தாதான் எல்லாருக்கும் வலிக்கும். உனக்கு மட்டும் எல்லாமே தலைகீழ்." பொஷெனா பையிலிருந்து கறுப்பு ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் எடுத்துப் பாதியை நீட்டினாள். "தின்னு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

லோர்னா ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். இவளுக்கும் தெரிந்துவிட்டதோ?

அது வேறு விஷயம். ஆல்டன்பிரிக்கில் ஆற்றங்கரையோரம் இருக்கும் முதியோர் இல்லத்தில் பொஷெனாவுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். துணிப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும்.

"என்ன சொல்லப் போற?"

"வேணாம்னுதான். எங்கம்மா செத்தப்ப டங்கன் என்ன செஞ்சாரு, ஞாபகம் இருக்கா? டிக்கெட் எடுத்துக் குடுத்து, எப்ப வர முடியுதோ அப்ப வான்னாரு. அந்த மனுஷன விட்டுட்டு எப்படிப் போறது? அப்புறம் அங்க போனா உன் மூஞ்சிய யாரு பாக்கறது?" அவள் ஃபோனை எடுத்து வானத்தை நோக்கிப் பிடித்தாள். "ஒரு புள்ளிகூட இல்ல. ஹார்ட்வித் போனாத்தான் சிக்னல் வரும். போனதும் கூப்பிட்டு வேணாம்னு சொல்லிடறேன். இத மனசுல வச்சுக்கிட்டு நடக்கவே முடியல."

ஹார்ட்வித் அந்த மேட்டுக்கு அப்பால் இருந்தது. அங்கேதான் டங்கன் வேனில் டீயும் கேக்கும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

லோர்னா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நல்ல வேலையாத்தானே தெரியுது. போயேன்."

பொஷெனா நின்றுவிட்டாள். "என்ன?"

"இல்ல, பொறுப்பான வேலை. வயசாகுதில்ல நமக்கும். யோசிச்சுப் பாரேன்."

"நான் உனக்காக வேணாங்கறேன், நீ என்னப் போங்கறியா?"

"அப்படிச் சொல்லல பொஷெனா."

"அப்படித்தான் சொன்ன. காலையிலேருந்து என்னப் பாத்தா ஓடற. நான் பக்கத்துல வந்தா விலகற. என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிடு, தீந்தது." பொஷெனா தலையைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.

இப்போது பின்னால் ஓட வேண்டியவள் லோர்னா. அவள் ஓடினாள். மேட்டின் மேல் புல் தீர்ந்து, கறுத்த சதுப்பு நிலம் தொடங்கியது. நல்ல வெயிலுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு மழை வந்து சடசடவென்று அடித்தது. முன்னால் ஆரஞ்சு டி-ஷர்ட் சின்னதாகிக்கொண்டே போனது. டங்கனுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தாள். பாவம் அந்த மனிதர் என்றும் நினைத்தாள். அவர் பாவம் என்றால் பொஷெனா யார் என்றும் நினைத்தாள். கீழே ஹார்ட்வித் ஊரின் கூரைகள் தெரிந்தன. பொஷெனா நின்று ஃபோனைப் பார்த்தாள். பிறகு காதில் வைத்தாள்.

"பொஷெனா! கூப்பிடாத!"

குறுக்கு வழியில் போய்விடலாம் என்று லோர்னா பாதையை விட்டு இறங்கினாள். நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு கால் முட்டிவரை சேற்றில் போய்விட்டது. இழுத்தால் வரவில்லை. அங்கிருந்தே தொண்டை கிழியக் கத்தினாள்: "கூடத்த மூடறாங்க! அக்டோபர்ல மூடறாங்க! வேணாம்னு சொல்லிடாத!"

பொஷெனா ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள். பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்தாள். பிறகு இறங்கி வந்து, இரண்டு கையாலும் லோர்னாவின் தோளுக்கடியில் பிடித்து இழுத்தாள். கால் வந்தது, ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. அதையும் குனிந்து பிடுங்கி எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து ராத்திரி என் வீட்டுக்கு வந்து சாண்ட்விச் கட்டின."

"ஆமா."

"பாட்டு வேற பாடின."

பொஷெனா ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தாள்.

ஹார்ட்வித்தில் தேவாலயத்துக்கு எதிரே, புல்வெளி ஓரம் டங்கன் வேனை நிறுத்தியிருந்தார். மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, மனைவி செய்த எலுமிச்சை கேக்கைத் துண்டு போட்டு வைத்திருந்தார். லோர்னா ஒரு காலில் சேறு வழிய அவரிடம் போனாள்.

"டங்கன், இப்பவே சொல்லிடுங்க."

அவர் டீ ஊற்றுவதை நிறுத்தினார். "திங்கக்கிழமைன்னுதானே பேசினோம்."

"பொஷெனாகிட்ட சொல்லிட்டேன். சொல்லாம முடியல. நீங்க சொல்லலைன்னா மத்தவங்களுக்கும் நானே சொல்லுவேன். எனக்கு ஒழுங்காச் சொல்ல வராது, கண்டபடி உளறுவேன். அது உங்களுக்கு நல்லா இருக்காது."

வில்ஃபும் மற்றவர்களும் சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு கோப்பையும் கேக்கும் எடுத்துக்கொண்டார்கள். டங்கன் தொண்டையைச் செருமினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவிலேயே அவர் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை, அது அவருக்குத் தெரியாது. சொல்லி முடித்தபோது அவர் குரல் கேட்கவே இல்லை, உதடு மட்டும் அசைந்தது.

சலவைத் துணியைக் கட்டுகளாகக் கட்டும் பகுதியில் வேலை செய்யும் கில்லியன், பாதி கடித்த கேக்கைக் கொண்டுபோய்த் தட்டிலேயே வைத்தாள். "நம்மள ஹெலிகாப்டருக்குப் பணம் சேக்க அனுப்பிட்டு, இங்க நமக்கே குழி தோண்டியாச்சு" என்றாள். ஒருத்தி அழுதாள். ஒருவர் டி-ஷர்ட்டைக் கழற்றி வேனுக்குள் எறிந்துவிட்டு, உள்ளே ஒன்றும் போடாததால் குளிரில் நின்றார். அதைப் பார்த்துச் சிரிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

வில்ஃப் லோர்னாவைப் பார்த்தார். "அதுக்குத்தான் காலையிலேருந்து அந்த ஓட்டமா, கண்ணு?"

"ஆமா வில்ஃப்."

"சரி" என்றார் அவர்.

பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடலாம், வேனில் கொண்டுபோய் விடட்டும் என்றார்கள். டங்கனும் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். வில்ஃப் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"வேனப் பூட்டுங்க முதலாளி. இனிமே நீங்களும் எங்ககூட நடங்க."

"நானா? இந்த ஷூவ வச்சுக்கிட்டா?"

"என் நெஞ்சுக்குள்ள கம்பிய வச்சுத் தச்சிருக்கான். அத வச்சுக்கிட்டு நான் நடக்கல? ஹெலிகாப்டர்காரன் நமக்கு ஒரு கெடுதலும் செய்யல. அவனுக்குச் சொன்னத முடிச்சுட்டு அப்புறம் அழுவோம். வாங்க."

டங்கன் வேனைப் பூட்டினார். சட்டை கழற்றியவரும் உள்ளே எறிந்ததை முன்னமே எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். மறுபடி நடந்தார்கள்.

ஆற்றை ஒட்டிய பாதை. முதலில் யாரும் டங்கனோடு பேசவில்லை. அவரைச் சுற்றி ஒரு இடைவெளி விட்டே நடந்தார்கள். பிறகு கில்லியன் பக்கத்தில் போய்க் கேட்க ஆரம்பித்தாள். ஏன் முன்னமே சொல்லவில்லை? வேறு ஆளிடம் கூடத்தை விற்க முடியாதா? எத்தனை நாளாக இது தெரியும்? அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சிலதுக்குத் தெரியாது என்றார். அவள் கத்தினாள், அவர் கேட்டுக்கொண்டார். அவள் ஓய்ந்ததும் இன்னொருவர் போனார். டங்கன் நொண்ட ஆரம்பித்தார். அவர் குதிகாலில் வெள்ளைக் காலுறைக்கு மேல் ரத்தம் தெரிந்தது. வில்ஃப் தடியை அவரிடம் கொடுத்தார்.

லோர்னா கடைசியாக வந்தாள். நடுவில் ஒரு பாலத்தில் பொஷெனா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கும்வரை லோர்னா எட்டி நின்றாள்.

"என்ன சொன்ன?"

"வர்றேன்னு சொல்லிட்டேன்."

"நல்லது."

"நல்லதா? டங்கனுக்கு வாக்கு குடுத்த, சரி. எனக்கு எந்த வாக்கும் குடுக்கலையா நீ?"

"உனக்கு வாக்கு குடுக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல" என்றாள் லோர்னா. உண்மையைத்தான் சொன்னாள், அவர்களுக்குள் வாக்கு தேவைப்பட்டதே இல்லை. அந்த நேரத்தில் அது சரியான பதிலாக விழவில்லை. பொஷெனா முன்னால் போய்விட்டாள்.

ஆல்டன்பிரிக் சந்தைத் திடலில் கடைக்காரர்கள் கைதட்டினார்கள். வாளிகளில் சில்லறை விழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர் சிரிக்கச் சொன்னார். வில்ஃப் மட்டும் சிரித்தார். ஓரத்தில் முதலாளி, கையில் இன்னொருவர் தடியோடு, தப்பு செய்து மாட்டிக்கொண்ட சின்னப் பையன்போல நின்றார்.

அக்டோபரில் கூடம் மூடியது. அதற்குள் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அன்றே தெரிந்ததால் கோடை முழுக்கத் தேட நேரம் கிடைத்தது என்று கில்லியனே பிறகு ஒத்துக்கொண்டாள். லோர்னாவுக்கு வேலை கிடைக்கக் குளிர்காலம் கழிய வேண்டியிருந்தது. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் சுடுதண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்தாள். கணவன் நெவில் டீ கொண்டுவந்து கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஜன்னலில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. "என்ன லோர்னா, இன்னும் நடக்கணுமா உனக்கு?" என்று அவன் கேட்டான். அவள் ஈரக்காலோடு வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

பொஷெனாவின் வீட்டுச் சாவி சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் கதவைத் தட்டினாள். பொஷெனா திறந்து, செருப்பைப் பார்த்தாள், வீங்கிய காலைப் பார்த்தாள்.

"உள்ள வா. உக்காரு."

"உக்கார முடியல."

"அப்ப நில்லு. நான் திட்டி முடிக்கிற வரைக்கும் நில்லு."

பொஷெனா சமையலறையில் நின்றபடி திட்டினாள். வார்த்தை போதாதபோது தன் ஊர்ப் பேச்சுக்குப் போய், அங்கிருந்து இன்னும் கோபமாகத் திரும்பி வந்தாள். லோர்னா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் ஒரு தடவை, "அது நியாயமில்ல" என்று மட்டும் சொன்னாள். "வாய மூடு, இன்னும் முடியல" என்றாள் பொஷெனா. சொல்லிக்கொண்டே இருவருக்கும் டீ போடக் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கத் திரும்பினாள்.